அந்த அனுமானத்தை அழித்தால் எந்த வரி விழும்?

முதுகலைப் பொருளியலில் சேரப்போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அட்வான்ஸ்டு மைக்ரோவுக்கு, அதாவது உயர்நிலை நுண்பொருளியலுக்கு, எவ்வளவு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்?" என்பதுதான். வகையிடலும் லக்ராஞ்சியனும் கைப்பழக்கமாக இருந்தால் முதல் சில வாரங்கள் நிம்மதியாக ஓடும். திறந்த கணம், மூடிய கணம், தொடர்ச்சி, காம்பாக்ட் கணம் என்றால் என்னவென்று தயங்காமல் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் நான் பார்த்தவரை, கணக்கு வராமல் இந்தப் பாடத்தில் திணறுகிறவர்கள் குறைவு. இளங்கலையில் கேட்டுப் பழகிய கேள்வியையே இங்கேயும் கேட்டுக்கொண்டிருப்பதால் திணறுகிறவர்கள்தான் அதிகம்.

இளங்கலையில் கேள்வி இப்படி இருக்கும்: விலை ஏறினால் என்ன ஆகும்? வரி போட்டால் யார் தலையில் விழும்? கோடு வரைகிறோம், நகர்த்துகிறோம், பதில் வந்துவிடுகிறது. இங்கே பதில் பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். அந்தப் பதில் வர வேண்டுமானால் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதைத்தான் ஒரு வருடம் முழுக்கத் தோண்டுகிறோம்.

எங்களுக்கு இந்தப் பாடம் எடுத்த பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. தேற்றத்தின் அனுமானங்களைப் பலகையின் இடது மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைப்பார். நிரூபணம் முடிந்ததும் டஸ்டரை எடுத்து அதில் ஒன்றை மட்டும் அழிப்பார். "இப்ப நிரூபணத்துல எந்த வரி விழும்?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். பதில் வரும்வரை அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார். இந்தப் பாடத்தில் எனக்குப் புரிந்த எல்லாமே அந்த ஒரு கேள்வி வழியாகப் புரிந்ததுதான்.

முதல் உதாரணம் முதல் வாரத்திலேயே வந்தது. இளங்கலையில் பயன்பாட்டுச் சார்பு, அதாவது அதிகம் விரும்புவதற்கு அதிக எண் தரும் சார்பு, கையில் கொடுக்கப்பட்டிருக்கும். அதை உச்சப்படுத்தச் சொல்வார்கள். இங்கே அது கையில் இல்லை. இருப்பது விருப்பங்கள் மட்டுமே: இந்தப் பொருள் கூடை அந்தக் கூடையைவிடக் குறைந்ததல்ல, அவ்வளவுதான். எந்த இரண்டு கூடைகளைக் காட்டினாலும் ஒப்பிட முடிய வேண்டும் என்பது முழுமை. ஒன்று இரண்டுக்குக் குறையாது, இரண்டு மூன்றுக்குக் குறையாது என்றால் ஒன்று மூன்றுக்குக் குறையக் கூடாது என்பது கடப்புத்தன்மை. பொருளியலில் 'பகுத்தறிவுள்ள நுகர்வோர்' என்றால் இந்த இரண்டும்தான். சுயநலம் பற்றியோ பேராசை பற்றியோ இதில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவதையே விரும்புகிறவரும் இந்த இரண்டையும் நிறைவேற்றலாம். இந்தத் துறையை விமர்சிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தைத் தாண்டி வந்து விமர்சித்தால் விவாதம் எவ்வளவோ கூர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையான விமர்சனம் வேறு இடத்தில் இருக்கிறது. கணித உளவியலாளர் டங்கன் லூஸ் 1956இல் எழுதிய கட்டுரையில் ஒரு காபிக் கோப்பை வருகிறது. ஒரு கட்டி சர்க்கரை போட்ட கோப்பையையும், அதைவிட ஒரு துணுக்கு மட்டும் கூடுதலாக உள்ள கோப்பையையும் நம் நாக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கும் அடுத்ததற்கும்கூட வித்தியாசம் தெரியாது. இப்படியே நூற்றுக்கணக்கான கோப்பைகள் வரிசையாகப் போகின்றன. பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகள் எல்லாம் நமக்கு ஒன்றுதான். ஆனால் முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஒன்றாக இருக்க முடியாது. கடப்புத்தன்மை இங்கே உடைகிறது. உடைவதற்கு முட்டாள்தனம் தேவைப்படவில்லை, நாக்கின் நுட்பத்துக்கு ஓர் எல்லை இருந்தாலே போதும். ஒரு கொள்கையை எங்கே தட்டினால் விரிசல் விடும் என்று சரியாகத் தெரிந்து தட்டுவது இதுதான்.

சரி, முழுமையும் கடப்புத்தன்மையும் இருந்தால் பயன்பாட்டுச் சார்பு கிடைத்துவிடுமா? கிடைக்காது. இன்னொன்று வேண்டும்: தொடர்ச்சி. மிக அருகருகே இருக்கும் கூடைகளுக்கு இடையே விருப்பம் திடீரென்று தலைகீழாகக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பயன்பாட்டுச் சார்பு கிடைக்கும் என்று ஜெரார்ட் டெப்ரூ 1954இல் நிறுவினார். மேடம் தொடர்ச்சியை அழித்துவிட்டுக் கேட்டார், இப்போது என்ன ஆகும்? பதில், அகராதி வரிசையில் விரும்பும் ஒருவர். முதல் பொருள் எதில் அதிகமோ அந்தக் கூடைதான் அவருக்கு மேல். முதல் பொருள் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டாவதைப் பார்ப்பார். முழுமை இருக்கிறது, கடப்புத்தன்மை இருக்கிறது. ஆனால் அவருடைய விருப்பங்களை எண்களாக எழுதவே முடியாது.

ஏன் என்பதற்கான நிரூபணம் சில வரிகள்தான். எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருளின் ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு கூடைகளை எடுங்கள்: ஒன்றில் இரண்டாவது பொருள் சுழியம், மற்றதில் ஒன்று. இரண்டாவது கூடை மேலானது, ஆகவே இவற்றின் பயன்பாட்டு எண்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒரு விகிதமுறு எண் நிச்சயம் கிடைக்கும். முதல் பொருளின் அளவு வேறானால் இடைவெளியும் வேறு. ஒன்றோடொன்று ஒட்டாது, எனவே கிடைக்கும் விகிதமுறு எண்களும் வேறு வேறு. அப்படியானால் மெய்யெண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதமுறு எண் கிடைத்துவிட்டதாக ஆகிறது. ஆனால் விகிதமுறு எண்கள் எண்ணிடத்தக்கவை, அதாவது ஒன்று, இரண்டு என்று வரிசையிடக் கூடியவை; மெய்யெண்கள் அப்படியல்ல. முரண்பாடு. ஒரு மனிதரின் விருப்பத்தைப் பற்றிய கேள்வி, முடிவிலிகளிலும் பெரியது சிறியது உண்டு என்று காட்டிய கணிதர் கான்டரிடம் போய் முடிகிறது! அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் மூன்று பேர் பலகையை விட்டு நகரவில்லை.

இதோடு சேர்ந்து போன இன்னொன்று, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி: ஒரு பொருளில் அடுத்தடுத்த அலகு தரும் கூடுதல் பயன்பாடு குறைந்துகொண்டே போகும் என்பது. பள்ளியிலிருந்தே அட்டவணை போட்டுப் படித்த விதி அது. பயன்பாட்டு எண்கள் வரிசையை மட்டுமே சொல்கின்றன என்று ஏற்றுக்கொண்டால், அதே வரிசையைத் தரும் எந்த எண்களையும் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு பொருள் இருக்கிறது, அதன் வர்க்கமூலம் பயன்பாடு என்றால் இறுதிநிலைப் பயன்பாடு குறைகிறது. அதன் வர்க்கத்தைப் போட்டால் கூடுகிறது. இரண்டிலும் அந்த மனிதர் ஒரே தேர்வைத்தான் செய்கிறார். ஆக, குறைகிறதா கூடுகிறதா என்ற கேள்விக்கே அவருடைய நடத்தையில் பதில் இல்லை. எஞ்சி நிற்பது ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கும் வீதம் குறைவதுதான். ஒரே அளவுக்கு விரும்பும் கூடைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடு தோற்றுவாயை நோக்கிக் குவிந்திருக்கிறதே, அந்த வடிவம் எந்த எண்ணைப் போட்டாலும் மாறாது.

அடுத்து வரும் இருமைப் பகுதியில் நிறையப் பேர் சலித்துப்போகிறார்கள். பயன்பாட்டை உச்சப்படுத்துவதும், அதே பயன்பாட்டை எட்டச் செலவைக் குறைப்பதும் ஒரே கணக்கின் இரு முகங்கள்; அதிலிருந்து ராய், ஷெப்பர்ட் என்று பெயர் பெற்ற சூத்திரங்கள் வரிசையாக வரும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஷெப்பர்டின் துணைத்தேற்றத்தை மட்டும் சொற்களில் சொல்லிப் பாருங்கள்: நான் ஒரு பொருளில் 10 அலகு வாங்குகிறேன், அதன் விலை துளி ஏறுகிறது. அதே வாழ்க்கைத்தரத்தில் இருக்க எனக்கு எவ்வளவு கூடுதல் பணம் வேண்டும்? அந்தத் துளியைப் போல 10 மடங்கு. விலை ஏறியதால் நான் வாங்குவதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேனே என்றால், ஏற்கெனவே செலவைக் குறைத்து வைத்திருப்பதால் அந்தச் சின்ன மாற்றத்தின் பலன் கணக்கில் வராத அளவுக்குச் சிறியது. இது புரிந்துவிட்டால் மற்ற சூத்திரங்கள் தாமாகவே வந்து உட்காரும்.

இங்கே வரும் ஸ்லட்ஸ்கி சமன்பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். யூஜின் ஸ்லட்ஸ்கி 1915இல் ஓர் இத்தாலிய ஆய்விதழில் எழுதியதை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. ஹிக்ஸும் ஆலனும் 1934இல் தாங்களாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விலை மாற்றத்தின் விளைவை அது பதிலீட்டு விளைவு (மலிவான பொருளுக்கு மாறுவது), வருமான விளைவு (கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி மாறுவது) என இரண்டாகப் பிரிக்கிறது. முதலாவதன் குறி நிச்சயம். இரண்டாவதன் குறியைக் கோட்பாடு சொல்லாது. அதனால் 'விலை ஏறினால் தேவை குறையும்' என்ற பால பாடத்தைக்கூட விருப்பக் கோட்பாட்டிலிருந்து மட்டும் நிறுவ முடியாது. விலை ஏறினால் தேவையும் ஏறும் கிஃபன் பொருள் என்பது பாடநூலில் மட்டுமே உள்ள ஒன்று என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அரிசி மலிவானதும் அவர்கள் அரிசி உண்பது குறைந்தது. 2008இல் அது வெளியானது. வயிற்றை நிரப்ப அரிசியை நம்பியிருந்த குடும்பத்துக்கு, அரிசி மலிவானதால் கையில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் வேறு உணவு வாங்கிக்கொண்டார்கள். சமன்பாட்டின் இரண்டாவது உறுப்பு முதலாவதை வென்ற இடம் அது.

ஆனால் மொத்தப் பாடத்திலும் ஒரே ஒரு நிரூபணத்தைத்தான் படிக்க முடியும் என்றால், முதல் நல்வாழ்வுத் தேற்றத்தைப் படியுங்கள் என்பேன். போட்டிச் சந்தையின் சமநிலை பரேட்டோ உத்தமமானது, அதாவது ஒருவரையும் கீழே தள்ளாமல் இன்னொருவரை மேலே ஏற்ற முடியாது என்கிறது அது. இவ்வளவு பெரிய கூற்றுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். வகையிடல்கூடக் கிடையாது.

சமநிலையில் ஒவ்வொருவரும் தங்கள் கைக்கு எட்டுவதில் சிறந்ததை எடுத்திருக்கிறார்கள். இருக்கும் அதே பொருள்களை வேறு விதமாகப் பங்கிட்டால் யாருக்கும் குறையாமல் ஒருவருக்காவது மேலாக இருக்கும் என்று யாரோ சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலானதைப் பெறும் அந்த ஒருவரின் புதிய கூடை, சமநிலை விலையில், அவருடைய வருமானத்தைவிட அதிக விலையுள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை அவர் முன்பே வாங்கியிருப்பார். குறையாமல் இருக்கும் மற்றவர்களின் புதிய கூடைகள் அவரவர் வருமானத்துக்குக் குறையாத விலையுள்ளவை. எல்லாவற்றையும் கூட்டுங்கள். புதிய பங்கீட்டின் மொத்த மதிப்பு மொத்த வருமானத்தை மிஞ்சுகிறது. ஆனால் பங்கிடுவது அதே பொருள்களை, மதிப்பிடுவது அதே விலைகளில். மிஞ்ச முடியாது. முடிந்தது.

இப்போது டஸ்டரை எடுப்போம். 'மற்றவர்களின் கூடை வருமானத்துக்குக் குறையாது' என்ற வரி எங்கிருந்து வந்தது? எந்தக் கூடையைக் கொடுத்தாலும் அதற்கு மிக அருகிலேயே அதைவிட மேலான இன்னொன்று உண்டு என்ற அனுமானத்திலிருந்து. திருப்தியின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டவர் ஒருவர் இருந்தால் அவர் பணத்தை மிச்சம் வைத்திருப்பார், அந்த வரி விழும். 'இல்லையென்றால் முன்பே வாங்கியிருப்பார்' என்ற வரி, அவர் விரும்பும் ஒவ்வொன்றுக்கும் சந்தையும் விலையும் இருக்கின்றன என்பதில் நிற்கிறது. பக்கத்து ஆலையின் புகைக்கு விலை இல்லை. சுத்தமான காற்றை அவர் வாங்கியிருக்க முடியாது. அதே வரி, விலை தன் கையில் இல்லை என்று ஒவ்வொருவரும் எண்ணுவதிலும் நிற்கிறது. ஒரே விற்பனையாளர் இருந்தால் விழுந்துவிடும். அப்புறம் 'எல்லாவற்றையும் கூட்டுங்கள்' என்ற அப்பாவியான வரி. தலைமுறைகள் முடிவில்லாமல் தொடர்ந்துகொண்டே போனால் அந்தக் கூட்டுத்தொகை முடிவிலியாகலாம். முடிவிலியைவிட முடிவிலி பெரியது என்று சொல்ல முடியாது. பால் சாமுவேல்சன் 1958இல் முன்வைத்த தலைமுறைகள் மாதிரியில் போட்டிச் சமநிலை உத்தமமாக இல்லாமல் போவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

சந்தைக்காக வாதாடுகிறவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுப் பேசினால் எனக்கு மனநிறைவாக இருக்கும். ஏனென்றால் தேற்றம் எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்பது இதில் துல்லியமாக இருக்கிறது. எல்லாம் ஒருவரிடமே குவிந்திருக்கும் பங்கீடும் பரேட்டோ உத்தமமாக இருக்க முடியும். நியாயம் பற்றி இந்தத் தேற்றம் பேசவே இல்லை.

சமநிலை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆரோவும் டெப்ரூவும் 1954இல் அதைக் காட்டினார்கள்; ககுடானியின் நிலைப்புள்ளித் தேற்றம் அங்கே வரும். இந்தப் பகுதியைப் பொறுமையாகக் கடந்துவிடுங்கள். அதற்குப் பின்னால் வரும் முடிவுதான் என்னை உலுக்கியது. தனிமனிதர்களின் விருப்பங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அவர்களுடைய தேவைகளைக் கூட்டும்போது அந்த ஒழுங்கு ஏறக்குறைய முழுவதும் கரைந்துபோகிறது. சோனன்ஷைன், மான்டெல், டெப்ரூ மூவரும் 1970களின் முதல் பாதியில் காட்டியது அது. சமநிலை ஒன்றுதானா, விலகினால் அங்கேயே திரும்பி வருமா என்பதற்கெல்லாம் பொதுவான பதில் கிடையாது. பொருளியல் தன் சொந்தக் கட்டடத்தின் எல்லையைத் தானே அளந்து எழுதிவைத்திருக்கிறது. இந்தத் துறையின் மேல் எனக்கிருக்கும் மரியாதையில் பெரும்பகுதி அதனால் வந்தது.

இரண்டாம் செமஸ்டரில் காற்று மாறும். ஆட்டக் கோட்பாடு, நிச்சயமின்மை, தகவல். நிச்சயமின்மையில், எதிர்பார்ப்புப் பயன்பாட்டுக் கோட்பாட்டை நம் சொந்தத் தேர்வுகளே மீறுவதாகக் காட்டி அல்லே 1953இல் எழுப்பிய முரண்பாட்டை நீங்களே ஒருமுறை உங்கள் மேல் சோதித்துப் பாருங்கள், அது போதும். தகவல் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். அதன் வாசல் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய பழைய கார் கட்டுரை. மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய கட்டுரை அது. 2001இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் மையக் கணக்கைக் காகிதத்தில் நாலு வரியில் போடலாம். கார்களின் தரம் 0 முதல் 100 வரை சமமாகப் பரவியிருக்கிறது. ஒரு காரின் மதிப்பு விற்பவருக்கு அதன் தரம் எவ்வளவோ அவ்வளவு. வாங்குபவருக்கு அதில் ஒன்றரை மடங்கு. தரம் விற்பவருக்கு மட்டுமே தெரியும். விலை 60 என்று வைப்போம். தரம் 60க்குள் இருக்கும் கார்கள்தான் விற்பனைக்கு வரும், அவற்றின் சராசரி 30. வாங்குபவருக்கு அது 45 பெறும். 45 பெறும் பொருளுக்கு 60 கொடுப்பாரா? விலையை 40க்கு இறக்குங்கள்: சராசரி 20, மதிப்பு 30. எந்த விலையை வைத்தாலும் மதிப்பு அதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு காரும் வாங்குபவரிடம் போய்ச் சேர்வதுதான் இருவருக்கும் நல்லது; ஆனால் ஒரு கார்கூடக் கை மாறாது. நல்வாழ்வுத் தேற்றத்தில் யாரும் எழுதிவைக்காத அனுமானம் ஒன்று இருந்தது, வாங்குவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும் என்பது. அதை அழித்தால் என்ன ஆகும் என்பதுதான் இது.

வாராந்திரக் கணக்குகள் பற்றி ஒன்று மட்டும். விடைக் குறிப்பைத் தேடிப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராக உட்காருங்கள், ஒருவர் நிரூபணத்தைச் சொல்லட்டும், மற்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி "இது எந்த அனுமானத்தால்?" என்று கேளுங்கள். எங்கள் குழுவில் ஒரு தோழி இந்தக் கேள்வியைக் கேட்பதில் இரக்கமே காட்டமாட்டார். 'தெளிவாகத் தெரிகிறது' என்று நான் எழுதிய இடங்களை எல்லாம் அவர் வட்டமிட்டுத் திருப்பித் தந்த தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

கடைசியாக, பாடத்தின் இறுதிப் பகுதியில் வரும் ஒரு கணக்கைத் தருகிறேன். சேரப்போகிறவர்கள் இதை வைத்துப் பாடத்தின் சுவையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு விற்பவர், ஒரு வாங்குபவர். பொருளின் மதிப்பு ஒவ்வொருவருக்கும் 0 முதல் 1 வரை ஏதோ ஓர் எண், எந்த எண்ணும் சம வாய்ப்புள்ளது. அவரவர் எண் அவரவருக்கு மட்டுமே தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு விலையை எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் எழுதியது குறைவாக இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ள விலைக்குப் பொருள் கைமாறும். சட்டர்ஜியும் வில்லியம் சாமுவேல்சனும் 1983இல் ஆராய்ந்த ஆட்டம் இது. அவரவர் உத்தி மற்றவர் உத்திக்குச் சிறந்த பதிலாகவும், இருவரின் உத்தியும் நேர்கோடாகவும் இருக்கும் சமநிலையைக் கண்டுபிடியுங்கள். வாங்குபவர் தன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கோடு பன்னிரண்டில் ஒன்றைக் கூட்டி எழுதுவார். விற்பவர் தன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கோடு நாலில் ஒன்றைக் கூட்டி எழுதுவார். அதனால் வாங்குபவரின் மதிப்பு விற்பவரின் மதிப்பைவிடக் குறைந்தது கால் அளவாவது அதிகமாக இருந்தால்தான் வியாபாரம் நடக்கும். அதற்குக் கீழே லாபம் இருந்தும் இருவரும் வெறுங்கையோடு போவார்கள். விதியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதே ஆண்டில் மயர்சனும் சாட்டர்த்வைட்டும் காட்டியது: வெளியிலிருந்து பணம் போடாமல், யாரையும் கட்டாயப்படுத்தாமல், என்ன விதியை எழுதினாலும் கிடைக்க வேண்டிய லாபம் முழுவதும் கிடைக்காது, இந்த எளிய ஆட்டம் தரும் சராசரி லாபத்தை எந்த விதியாலும் மிஞ்ச முடியாது. முழுத் தகவல் இருந்திருந்தால் சராசரி லாபம் 1/6. கிடைப்பது 9/64. இந்த இரண்டு எண்களையும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போதும்.